கன்னிமூலை மதகு

ஜூன் 3, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கூடத்துச் சுவருக்கு வெள்ளையடித்தேன். பல்கூடத் தேய்க்கவில்லை. போன டிசம்பரில் வீட்டுக்குள் வந்த தண்ணீர் நான்கு சுவர்களிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது. அதற்குச் சற்றுக் கீழே முந்தைய வருஷத்துக் கோடு. வீட்டுத் தரகர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டார். நேராகச் சுவரிடம் போய் விரலை வைத்தார். விரல் வெள்ளையானது.

"காயவேயில்லையே மேடம். சோலையப்பன் நகர்னாலே கோடு இருக்கும்னு ஊருக்கே தெரியும். நீங்க எதுக்குக் கஷ்டப்படறீங்க?"

அவர் சொன்ன விலையை இங்கே எழுதப் பிடிக்கவில்லை. நான் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் புனேயிலிருந்து இவர் பேசினார். ஒரு முடிவு செய்தோம். இந்த ஒரு மழைக்காலம் பார்ப்பது. திரும்பவும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு நான் புனேக்குப் போய்விடுவது.

"வரலைன்னா?" என்று கேட்டேன்.

"வரலைன்னா நீ சொல்லுதபடி. நீ அங்கனயே இரு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். நான்கு வருஷமாக அவர் அங்கே வேலையில், நான் இங்கே. மகளும் கோவையில் விடுதிக்குப் போய்விட்டாள். சேர்ந்து இருப்பதுதானே முறை. எனக்கும் போக விருப்பம்தான்.

ஜூன் 8, ஞாயிறு

குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குத் தலைவலி என்று போகவில்லை. கூட்டம் முடிந்ததும் எதிர்வீட்டு பர்வீன் தையல் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே வந்தாள்.

"வாழ்த்துக்கள் செண்பகாக்கா. குளச் சீரமைப்புக் குழுவுக்கு நீங்கதான் அமைப்பாளர்."

"நான் வரவேயில்லையே!"

"அதனாலதான். வராதவங்க பேரைத்தானே எழுதுவாங்க. இன்னொரு உறுப்பினர் அமெரிக்காவுல பேரனைப் பாத்துக்கிட்டிருக்காரு. மூணாவது நான். நான் வந்திருந்தேன், ஆனா தூங்கிட்டேன்."

என்ன குளம் என்று கேட்டேன். "அதான், பள்ளம்" என்றாள்.

ஜூன் 10, செவ்வாய்

பள்ளத்தைப் பார்க்கப் போனேன். பன்னிரண்டு வருஷமாக இந்த நகரில் இருக்கிறேன், அதன் கரையில் ஏறி நின்றது இன்றுதான்.

மனை பிரித்தபோதே மழைநீர் வந்து தங்குவதற்காக விட்ட இடம். வடக்கே இரண்டு தெருக்களின் மழைநீர்க் கால்வாய்கள் இதில் வந்து விழுகின்றன. இப்போது சீமைக்கருவேலமும் இடிந்த கட்டடச் சிமெண்டும் பழைய மெத்தைகளும்தான் அதிகம். நடுவில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர். கம்பி வேலி மூன்று இடத்தில் படுத்திருக்கிறது. சுத்தமாக இருக்கும் ஒரே இடம் தென்மேற்கு மூலை. அங்கே கரையோரம் டைல்ஸ் பதித்த மேடை, அதன்மேல் கன்னிமூலைப் பிள்ளையார். டியூப்லைட் பகலிலும் எரிகிறது.

சங்கத் தலைவர் தணிகாசலம் சார் வந்து தன் திட்டத்தைச் சொன்னார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் கையை நீட்டி வரைந்து காட்டித்தான் பேசுவார். சுற்றிலும் சுவர், பேவர் பிளாக் நடைபாதை, நடுவில் கலர் லைட் போட்ட நீரூற்று, தாமரை.

"எப்பவும் தளும்பத் தளும்பத் தண்ணி நிக்கணும்மா. குளம்னா அதானே?"

தலையாட்டினேன். எனக்கு எதிலும் பெரிய அக்கறை இல்லை. ஆறு மாதத்தில் போகப்போகிறவள்.

ஜூன் 11

கருவேலம் எத்தனை, வேம்பு எத்தனை, கரையில் எங்கே மண் சரிந்திருக்கிறது என்று பார்த்து வந்தேன். சும்மா, பொழுது போவதற்கு.

ஜூன் 19, வியாழன்

இன்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

கரையின் வெளிப்பக்கம் சுற்றி வந்தேன். ஊரெல்லாம் வெயிலில் காய்ந்து கிடக்கிறது. பிள்ளையார் மேடைக்குப் பின்னால் மட்டும், கரையின் அடியிலிருந்து உபரிநீர் ஓடையை நோக்கிக் கோரை பச்சையாக நிற்கிறது. ஒரு முழ அகலம், நூல் பிடித்த மாதிரி நேராக. கோரை தானாக அப்படி வளராது. அதன் வேருக்குக் கீழே எங்கிருந்தோ ஈரம் வந்துகொண்டே இருந்தால்தான் வளரும். கல்லூரியில் தாவரவியல் படித்ததற்கு இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு வேலை வந்தது.

பர்வீனைக் கூப்பிட்டேன். கடப்பாரையும் எடுத்து வந்தாள். இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குத்தினோம். முழங்கை ஆழத்தில் டங்கென்றது. பெரிய சிமெண்டுக் குழாயின் விளிம்பு. உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். செங்கல் வைத்துக் கட்டிப் பூசியிருந்தார்கள். அந்தப் பூச்சின் விரிசல் வழியாகத்தான் ஈரம்.

குளத்திலிருந்து தண்ணீர் வெளியே போகும் ஒரே மதகு அது. அதன் மேல்தான் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார்.

நேராகத் தணிகாசலம் சார் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மறைப்பார் என்று நினைத்தேன். அவர் பெருமையாகச் சொன்னார்.

"ஆமாம்மா, அடைச்சோம். அஞ்சு வருஷம் ஆச்சு. கன்னிமூலை வழியாத் தண்ணி வெளிய போனா குடும்பத்துக்கு ஆகாது. வாஸ்துக்காரர் வந்து பாத்துட்டு அப்படியே பதறிட்டாரு. அடைச்சு மேல பிள்ளையாரை வெச்சோம். அடுத்த மாசமே என் பையனுக்கு வேலை கிடைச்சுதே!"

"சார், அஞ்சு வருஷமாத்தான் வீட்டுக்குள்ள தண்ணி வருது."

"அது மழை அதிகம்மா."

யாரும் எதையும் ஒளிக்கவில்லை. பிரதிஷ்டைக்குப் பத்திரிகை அடித்து வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். நாங்கள் சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டிருப்போம்.

ஜூன் 20

தூக்கம் கலைந்ததும் முதல் நினைப்பே அந்தக் குழாய்தான்.

ஜூன் 24, செவ்வாய்

சங்கத்தில் பேசுவதற்கு முன்னால் பிள்ளையாருக்குப் பூஜை செய்யும் குருக்களைப் போய்ப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"பிள்ளையாரை எடுக்கணும்னு மட்டும் வாயைத் திறந்து சொல்லிடாதேள். திருப்பணின்னு சொல்லுங்கோ. பாலாலயம் பண்ணிட்டா, வேலை முடியற வரைக்கும் சுவாமி பக்கத்துல ஒரு கொட்டகையில அத்திப் பலகையில எழுந்தருளிண்டிருப்பார். உள்ளூர்ல எத்தனை கோயிலுக்குப் பண்ணியாச்சு! யார் என்ன சொல்லப்போறா?"

"கன்னிமூலை வழியாத் தண்ணி போகக் கூடாதுன்னு சொல்றாங்களே?"

அவர் தட்டை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். "மதகைப் பார்த்தாப்பல அவரை உட்கார வைப்போம். அவர் பார்வையிலேயே தண்ணி போறது. அதுக்கு மேல தோஷம்னு ஒருத்தர் சொன்னா, என்கிட்ட அனுப்புங்கோ."

வரும் வழியெல்லாம் 'திருப்பணி' என்ற சொல்லை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

கூட்டம். நான் எழுந்து, "பிள்ளையாருக்குத் திருப்பணி செய்ய வேண்டும்" என்று ஆரம்பித்தேன். கைதட்டினார்கள். புது மண்டபம் என்றேன். மறுபடி தட்டினார்கள். மதகைத் திறப்பது என்றதும் கை நின்றுவிட்டது.

இரண்டாம் தெருக்காரர் ஒருவர், "நீங்க வித்துட்டுப் போறவங்க. உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றார்.

பர்வீன்தான் எழுந்தாள். "அவங்க போறாங்களோ இல்லையோ, நான் எங்கயும் போகல. போன டிசம்பர்ல என் ரெண்டு மெஷினும் முழுகிச்சு. கஸ்டமர் கல்யாண ஜாக்கெட்டெல்லாம் மாடியில காயப்போட்டேன். உங்க வீட்டு ஜாக்கெட்டும்தான் சார் அதுல இருந்துச்சு."

ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே தீர்மானம் நிறைவேறிவிட்டது. தணிகாசலம் சார் ஒரு நிபந்தனை போட்டார். விநாயகர் சதுர்த்திக்கு முன்னால் கும்பாபிஷேகம் நடந்தாக வேண்டும். நான் சரி என்றேன். எப்படிச் சரி என்றேன் என்று தெரியவில்லை.

ஜூலை 7, திங்கள்

பாலாலயம் நல்லபடி முடிந்தது. தகரக் கொட்டகையில் பிள்ளையார் சௌக்கியமாக இருக்கிறார்.

ஜூலை 9, புதன்

ஜேசிபி வந்தது. ஓட்டுநர் லூர்துசாமி காலி மேடைக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார்.

"கற்பூரம் ஏத்துங்க மேடம்."

"சாமிதான் அங்க போயிட்டாரேப்பா."

"போயிட்டாருன்னு உங்களுக்குத் தெரியும். என் வண்டிக்குத் தெரியுமா? நான் சர்ச்சுக்குப் போறவன். எனக்கு ரெண்டு பக்கமும் பிரச்சினை வரக் கூடாது."

கற்பூரம் ஏற்றினோம். பிறகு அரை மணி நேரத்தில் மேடை போயிற்று. செங்கல் அடைப்பை உடைத்தபோது உள்ளே அடைபட்டிருந்த கறுப்புத் தண்ணீர் குபுக்கென்று வந்தது. நாற்றம் தாங்கவில்லை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு, நகராமல் நின்று பார்த்தேன்.

இரவு இவர் பேசினார். எடுத்தபோது பின்னால் ஜேசிபி வாடகை பற்றி வாட்ஸ்அப்பில் சண்டை நடந்துகொண்டிருந்தது. புனேயில் பார்த்திருக்கும் ஃப்ளாட்டின் படங்களை அனுப்பியிருப்பதாகச் சொன்னார். பதினோராவது மாடி. "அங்கன தண்ணியும் வராது, கொசுவும் வராது. நீ சும்மா காலை நீட்டி இருக்கலாம்" என்றார். படங்கள் அழகாக இருந்தன. ஜன்னல்கள் திறக்காத வகை.

ஜூலை 23

சுவர் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. செங்குத்தாகச் சுவர் எழுப்பினால் விழுந்த குழந்தை ஏற முடியாது, தவளைகூட ஏற முடியாது. கரை சரிவாக இருக்கட்டும், வெட்டிவேர் நட்டால் மண்ணை அது பிடித்துக்கொள்ளும் என்றேன். தணிகாசலம் சார், "சுவர் இல்லாம கலர் அடிக்கறது எங்க?" என்றார். உண்மையாகவே வருந்தினார். மண்டபத்துக்கு என்ன கலர் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தேன்.

ஆகஸ்ட் 2

தூர் வாரி முடிந்தது. அள்ளிய மண் எல்லாம் கரைக்கே போயிற்று.

ஆகஸ்ட் 6

புதிய மதகுக்குக் கைச்சக்கரம் வைத்த இரும்பு ஷட்டர் பொருத்தினார்கள். சுற்றிப் பார்த்தேன். முதலில் அசையவில்லை. பிறகு அசைந்தது.

ஆகஸ்ட் 9

தரகர் கூப்பிட்டார். எடுக்கவில்லை. வேலை.

ஆகஸ்ட் 20, புதன்

கும்பாபிஷேகம். மண்டபம் இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள், இன்னும் பெயர் தெரியாத ஒரு நிறம். பிள்ளையார் மதகைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். சதுர்த்திக்கு ஒரு வாரம் மிச்சம். தணிகாசலம் சார் எனக்கும் பர்வீனுக்கும் ஒரே மாதிரி சால்வை போர்த்தினார். பர்வீன் அதைத் திருப்பிப் பார்த்து, "ஓரம் தைக்காம வித்திருக்கான்க்கா" என்று என் காதில் சொன்னாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நடவு நாள். பத்துப் பேர் வந்தால் அதிகம் என்று நினைத்திருந்தேன். தெருவே வந்தது. உள்சரிவு முழுக்க வெட்டிவேர் நட்டோம். கால்வாய் வந்து விழும் வாயில் வண்டல் தொட்டி கட்டி, அதை ஒட்டிச் சம்புப் புல்லும் கோரையும். தெருக் குப்பையோடு வரும் தண்ணீர் அங்கே கொஞ்சம் நின்று தெளிந்துதான் உள்ளே போகும். வெளியே, கரைக்குத் தள்ளி நீர்மருது, புங்கன், நாவல். பேவர் பிளாக் இல்லாமல் மண் நடைபாதை.

அன்று என்னைக் கேள்வி கேட்ட இரண்டாம் தெருக்காரர் நாவல் கன்று நட்டுவிட்டு அதன்மேல் தன் பேத்தி பெயரை எழுதிக் கட்டினார். "பழுக்க எத்தனை வருஷமாகும் டீச்சர்?" என்று கேட்டார். திருமணத்துக்கு முன் ஒரு பள்ளியில் பாடம் நடத்தியதை யாரிடமும் சொன்னதாக நினைவில்லை. இவர்களாகவே டீச்சர் ஆக்கிவிட்டார்கள்.

ஏழெட்டு வருஷம் ஆகும் என்றேன். நான் அப்போது பதினோராவது மாடியில் இருப்பேன்.

இரவு மகளுக்குப் படங்கள் அனுப்பினேன். "அம்மா, இது யாரு, சேத்துல நின்னு சிரிக்கறது?" என்று கேட்டாள். "நான்தான்டி" என்றேன். "அதான் கேக்கறேன்" என்றாள்.

அக்டோபர் 8, புதன்

நான்கு நாள் மழை. குளம் முதல்முறையாக நிறைந்தது. மாலையில் கரையில் கூட்டம், கடலை விற்பவர், பலூன். ஒரு நீர்க்காகம் வந்து நடுவில் மூழ்கி மூழ்கி எழுந்தது. தணிகாசலம் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். "தளும்புது பாத்தியாம்மா!" அவர் முகத்தைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்காரர் போல இருந்தது.

எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இது ஐப்பசிகூட இல்லை. பெரிய மழை இனிமேல்தான். தளும்பிக்கொண்டிருக்கும் குளத்தில் அது எங்கே போய் நிற்கும்?

அக்டோபர் 10, வெள்ளி

காலையில் சக்கரத்தைச் சுற்றி மதகைத் திறந்தேன். பாதிக் குளம் ஓடையில் போகும்வரை பக்கத்திலேயே நின்றேன். ஓடைக்கரை நெடுகப் பர்வீனோடு போன வாரமே நடந்து, புதர் வெட்டி, கீழே யார் வீட்டுக்குள்ளும் போகாது என்று பார்த்து வைத்திருந்தேன்.

மதியத்துக்குள் வாட்ஸ்அப் குழு எரிந்துவிட்டது. "கோடையில லாரித் தண்ணிக்கு நிக்கறோம், சேத்து வெச்ச தண்ணிய இவங்க தொறந்து விடறாங்க." "நம்ம போர்ல ஊற வேண்டிய தண்ணி இது." "டீச்சருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?"

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஏப்ரலில் குடத்தோடு நின்றவர்கள். தண்ணீரை வெளியே விடு என்றால் கை வருமா? பாதிக் குளத்தில் எவ்வளவு ஊறுமோ அவ்வளவு ஊறட்டும், மேல்பாதி மழைக்கு விட்டு வைக்கும் இடம் என்று எழுதினேன்.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் சக்கரத்தைச் சங்கிலியால் கட்டிப் பூட்டியிருந்தது. சாவி தணிகாசலம் சாரிடம்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்கு இவர் வந்திருந்தார். இன்று காலை ரயிலுக்குப் போய்விட்டார்.

நேற்று மாலை குளத்துக்கு அழைத்துப் போனேன். இரண்டு பேரும் மண் பாதையில் ஒரு சுற்று நடந்தோம். நான் செடிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் நின்று நின்று படம் எடுத்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"நல்லாத்தான் செஞ்சிருக்க செம்பா" என்றார். "வீடு பாக்க வாரவங்களுக்கு முதல்ல இதைக் காட்டணும். அந்தத் தரகர்ட்ட படம் அனுப்பிவைக்கேன்."

பாராட்டுதான்.

அவர் போன பிறகு சாமான்களைக் கட்ட ஆரம்பிக்கலாம் என்று ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தேன். வெட்டிவேர் நாற்று மீதம் இருந்தது நினைவு வந்தது. பெட்டியில் நாற்றுகளை வைத்துக் குளத்துக்கு எடுத்துப் போனேன்.

நவம்பர் 16, ஞாயிறு

குளம் மறுபடி விளிம்பு வரை நிற்கிறது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம், செவ்வாய்க்கிழமையிலிருந்து மிகக் கனமழை என்று வானொலியில் சொல்லிவிட்டார்கள். சாவி கேட்டுத் தணிகாசலம் சாருக்கு மூன்று முறை செய்தி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு மட்டும் வந்தது.

நவம்பர் 17, திங்கள்

காலையில் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி சரோஜாம்மா கதவைத் திறந்தார். கூடத்தில் காலை வைக்க இடமில்லை. ஃப்ரிட்ஜ், பீரோ, சோபா எல்லாம் செங்கல் அடுக்கி அதன்மேல் நிற்கின்றன. வருஷா வருஷம் இந்த நாளில் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். தணிகாசலம் சார் வாஷிங் மெஷினின் நான்காவது காலுக்குச் செங்கல் தேடிக்கொண்டிருந்தார்.

"சாவி கொடுங்க சார்."

"முடியாதும்மா. ஜனங்க என்னைக் கேப்பாங்க. நிறைஞ்ச குளத்தை எவனாவது காலி பண்ணுவானா? கண்ணுக்கு எவ்வளவு லட்சணமா இருக்கு!"

"சார், குளமும் நிறைஞ்சிருக்கு. ஃப்ரிட்ஜும் செங்கல் மேல இருக்கு. நாளைக்கு மழைத் தண்ணி இந்த ரெண்டு இடத்துல எங்க வரணும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் கையிலிருந்த செங்கல்லைப் பார்த்தார்.

சரோஜாம்மா சாமி அலமாரியிலிருந்து சாவியை எடுத்து வந்து என் கையில் வைத்தார். "எனக்கு ரெண்டு முட்டியும் போச்சு. இந்த வருஷமும் கேஸ் அடுப்பை மாடிக்குத் தூக்கச் சொன்னா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். லட்சணத்தை இவரு ஒருத்தரே உக்காந்து பாத்துக்கட்டும்."

நான் படி இறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம். தணிகாசலம் சார் குடையோடு வந்தார். மணி எட்டு. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம். அவர் கடிகாரத்தைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

"ஒன்பது வரைக்கும் நில்லுன்னு சொல்லுவேன்னு பாக்கறியா?"

"ஆமாம் சார்."

"எட்டு மணிக்கே தூறுது. திற."

சக்கரம் இறுகியிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து சுற்றினோம். மதகு வழியாகத் தண்ணீர் வெள்ளையாகப் பீறிட்டுப் போனது. அவர் பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, குழுவில் யாராவது கத்தினால் தானே பதில் சொல்வதாகச் சொன்னார். சொன்னபடி செய்தார். அவர் எழுதியது: "திறந்தது நான். பேச வேண்டியவர்கள் வீட்டுக்கு வரவும். உட்கார இடம் இல்லை, எல்லாம் செங்கல் மேல் இருக்கிறது."

சாயங்காலத்துக்குள் குளம் அடிவயிறு தெரியும் அளவுக்கு இறங்கிவிட்டது. பார்க்க அழகாக இல்லை. எனக்கு அழகாக இருந்தது.

நவம்பர் 18, செவ்வாய்

மழை. நிற்கவேயில்லை. மின்சாரம் இல்லை.

நவம்பர் 19, புதன்

விடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். காற்றில் குடை திரும்பிக்கொண்டது, கரை மேலேயே போட்டுவிட்டேன்.

இரண்டு கால்வாயும் முழு வாயால் கொட்டிக்கொண்டிருந்தன. குளம் ஏறிக்கொண்டிருந்தது. வெட்டிவேரின் முதல் வரிசை மூழ்கியது, பிறகு இரண்டாவது. வண்டல் தொட்டியில் செருப்பும் பாட்டிலும் மிதந்து சுழன்றன, உள்ளே போகவில்லை. பர்வீன் வந்தாள், சரோஜாம்மா முட்டிவலியோடு வந்தார், நாவல் கன்றுக்காரர் வந்தார். எல்லோரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது வரிசை நனைந்த பிறகு ஏற்றம் மெதுவானது. உள்ளே வருகிற அளவுக்கு மதகு வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. மதியம் வரை அங்கேயே நின்றேன். நான்காவது வரிசைக்குத் தண்ணீர் வரவே இல்லை.

திரும்பித் தெருவைப் பார்த்தேன். தார் தெரிந்தது. நவம்பர் மழையில், எங்கள் தெருவில், தார்!

பர்வீன் வீட்டுக்கு ஓடினாள். தரையில் வைத்த தையல் மெஷினை அங்கேயே மிதித்துச் சத்தம் கேட்க வைத்தாள். சத்தம் கரை வரை கேட்டது. யாரோ விசில் அடித்தார்கள். தணிகாசலம் சார் என்னிடம் வந்து, "நானே அடைச்சு, நானே திறந்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்மா, பரவால்லயா?" என்றார். "தாராளமா சொல்லுங்க சார்" என்றேன். சிரித்தோம், சிரித்தோம், மழையில் அழுகை வந்தாலும் தெரியாது என்ற வசதியோடு சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து கூடத்தின் நடுவில் வெறும் தரையில் படுத்தேன். முதுகுக்குக் கீழே உலர்ந்த தரை. அப்படியே தூங்கிவிட்டேன்.

நவம்பர் 20

வெயில். கன்றுகள் எல்லாம் நிற்கின்றன. பக்கத்து நகர்க்காரர்கள் நான்கு பேர் வந்து மதகைப் பார்த்துவிட்டு, தங்கள் பக்கமும் ஒரு பள்ளம் இருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்று இவருக்குச் செய்தி அனுப்பினேன். கட்டைவிரல் படம் வந்தது.

டிசம்பர் 4, வியாழன்

மதிய உணவுக்கு உட்காரும்போது இவர் கூப்பிட்டார். குரலில் உற்சாகம்.

"செம்பா, தரகர் பேசினாரு. சோலையப்பன் நகர்ல தண்ணி நிக்கலைன்னு பேப்பர்ல வந்திருக்காம். விலை எங்கயோ போயிட்டு. ஒரு பார்ட்டி ரெடியா இருக்கு, குளத்தைப் பாத்த மாதிரி வீடுதான் வேணும்னு நிக்கான். இதை விட்டா வராது."

"தண்ணி வரலையே" என்றேன்.

"அதான் சொல்லுதேன். வரலை, அதனாலதான் விலை."

'வரலைன்னா நீ சொல்லுதபடி' என்று ஜூன் மாதம் சிரித்துக்கொண்டே சொன்னது அவருக்கு நினைவில் இல்லை. பொய் சொல்கிறவர் இல்லை. நிஜமாகவே நினைவில் இல்லை. நான் நினைவுபடுத்தவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை நல்ல நேரம் பாத்திருக்கு. நான் சனிக்கிழமை வாரேன். வீடு உன் பேருல இருக்கதால நீ கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார். "சந்தோஷம்தானே?"

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

டிசம்பர் 5, வெள்ளி

காலையில் பக்கத்து நகரின் பள்ளத்துக்குப் போனேன். இது இரண்டாவது முறை. அவர்கள் மதகு மேல் பிள்ளையார் இல்லை, வாலிபால் மைதானம் இருக்கிறது. பர்வீன், "பாலாலயம் பண்ண முடியாதேக்கா, பந்தை எந்தப் பலகையில வெக்கறது?" என்றாள். பையன்களிடம் எப்படிப் பேசலாம் என்று வரும் வழியெல்லாம் யோசித்தோம்.

சாயங்காலம் சங்கத்தில் மதகின் சாவியை இனி நானே வைத்திருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இந்தக் கூட்டத்துக்கு நான் போயிருந்தேன். அப்படியும் என் பெயரையே எழுதினார்கள்.

டிசம்பர் 6, சனி

இவர் வந்துவிட்டார். களைப்பில் தூங்குகிறார். நல்ல மனிதர். எனக்குப் பிடிக்கும் என்று மாம்பழ பர்பி வாங்கி வந்திருக்கிறார்.

எனக்குப் போக விருப்பம் என்று இந்த நோட்டில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேனோ தெரியவில்லை. திருப்பிப் பார்க்கப் போவதில்லை. இது என் இடம். என் கையால் தண்ணீருக்கு வழி விட்ட இடம். இங்கே எனக்கு வேலை இருக்கிறது. அவர் விடுமுறைக்கு வரலாம், ஓய்வு பெற்றதும் வந்து தங்கலாம், எப்போது வந்தாலும் தரை உலர்ந்தே இருக்கும்.

நாளைக் காலை வாங்குபவர்கள் வருவார்கள். குளத்தைக் கேட்டால் அழைத்துப் போய்க் காட்டுவேன், நீர்மருது எது, நாவல் எது என்று சொல்வேன். திரும்பி வந்ததும் காபி கொடுப்பேன். கையெழுத்துப் போடமாட்டேன்.

காலையில் இவர் பல் தேய்த்து வந்து உட்கார்ந்ததும் முதலில் இவரிடம்தான் சொல்ல வேண்டும். இப்போதைக்கு இது எனக்கு மட்டும்தான் தெரியும்.